தாயின் அழுகை யார் காதில் விழுகிறது?

ஐந்தரை மாதக் குழந்தை தாயின் மடியில் கிடந்து வீறிட்டு அழுகிறது. தாய் ஒருமுறை கையை எடுத்துத் தட்டிக்கொடுக்கப் பார்க்கிறார். பிறகு அதுவும் ஓய்ந்துவிடுகிறது. அவருடைய பார்வை வேறெங்கோ நிலைத்திருக்கிறது. குழந்தையும் ஆறுதலுக்காகத் தாயின் முகத்தைத் தேடவில்லை. ஐந்து நிமிடம் அந்த அழுகை நீள்கிறது. 1970களின் முற்பகுதியில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஆன் ஆர்பர் நகரில், ஒரு குழுவினர் இந்த ஒளிப்பதிவைப் பார்த்தார்கள். அவர்கள் மனத்தில் எழுந்த கேள்வி இது: தன் பிள்ளையின் அழுகை இந்தத் தாயின் காதில் ஏன் விழவில்லை?

இவளெல்லாம் ஒரு தாயா என்றும் கேட்டிருக்கலாம். எந்த ஊரிலும் முதலில் வாயில் வருவது அதுதான். அப்படிக் கேட்டால் பதில் அங்கேயே முடிந்துவிடும். குழந்தைக்கும் எதுவும் கிடைக்காது. அந்தக் குழு வேறு விதமாகக் கேட்டதால், கைக்குழந்தைகளின் மனநலம் என்று இன்று ஒரு தனித் துறையே இருக்கிறது.

குழுவின் தலைவர் செல்மா ஃப்ரைபர்க். சமூகப் பணியாளராகத் தொடங்கி உளப்பகுப்பாய்வு கற்றவர். அதற்கு முன் பல ஆண்டுகள் பிறவியிலேயே பார்வையற்ற குழந்தைகளோடு வேலை செய்தவர். பார்வையற்ற குழந்தை தாயின் கண்ணை நோக்காது. மற்றக் குழந்தைகளைப் போல் முகம் பார்த்துச் சிரிக்காது. தாய்க்கு அது பெரிய வேதனை. பிள்ளைக்குத் தன்மேல் பற்றே இல்லையோ என்று அவர் மெல்ல விலகத் தொடங்குவார். முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள் என்று ஃப்ரைபர்க் சொல்லிக்கொடுத்தார். முகம் சும்மா இருக்கும்போதும் அந்தப் பிஞ்சு விரல்கள் தேடுகின்றன, பற்றுகின்றன, பேசுகின்றன. அதைக் கண்டுகொண்ட தாய்மார்கள் பிள்ளையிடம் திரும்பி வந்தார்கள். மருத்துவருக்கும் தாய்க்கும் தெரியாத ஏதோ ஒரு வழியில் குழந்தை பேசிக்கொண்டேதான் இருக்கிறது என்ற பாடத்தோடுதான் அவர் ஆன் ஆர்பரில் இந்தப் பணியைத் தொடங்கினார்.

அந்தத் தாயின் வீட்டுக்குக் குழுவிலிருந்து ஓர் உளவியலாளர் போனார். மருத்துவமனை அறையும் மேசையும் இல்லை. வீட்டுக்குள், அடுக்களையில், குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச்சு நடந்தது. மெல்ல மெல்லத் தாயின் பழைய கதை வெளியே வந்தது. அவர் பிறந்த சிறிது காலத்திலேயே அவருடைய தாய் மனநோய்க்கு ஆளானார். பிறகு உறவினர் கைகளில் மாறி மாறி வளர்ந்தார். அவர் அழுதபோது கேட்க ஆளில்லை. வந்தவர் கேட்டார். அந்தத் துக்கத்தைச் சொல்லி அழுது தீர்த்த பிறகு, யாரும் கேட்டுக்கொள்ளாமலே, அந்தத் தாய் குழந்தையை அள்ளி மார்போடு அணைத்து ஏதோ முணுமுணுத்துப் பாடத் தொடங்கினார். ஒருமுறை அப்படி நடந்தது, பிறகு பலமுறை. ஒவ்வொரு முறையும் அவர் அழுத பிறகுதான் நடந்தது.

1975இல் ஃப்ரைபர்க்கும் அவருடைய சக பணியாளர்கள் இருவரும் இதைக் கட்டுரையாக எழுதினார்கள். பெற்றோரின் கடந்த காலத்திலிருந்து வந்து தொட்டிலருகே நிற்கும் அழையா விருந்தாளிகளை அவர்கள் பேய்கள் என்றே அழைத்தார்கள். அதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒரு நுணுக்கமான கவனிப்பு. அடிபட்டு வளர்ந்தவர்கள் எல்லோரும் தம் பிள்ளையை அடிப்பதில்லை. அடிபட்டதை நினைவில் வைத்திருப்பவர்கள் பலர். எந்த ஆண்டு, யார், எந்தப் பெல்ட் என்றுகூடச் சொல்வார்கள். ஆனால் அன்று பட்ட பயமும் அவமானமும் சிலருக்கு மரத்துப்போயிருக்கும். அந்த வலியை மறந்தவர்களிடம்தான் அது கைமாறி அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்றார் ஃப்ரைபர்க். வலியையும் சேர்த்து நினைவில் வைத்திருப்பவர், என் பிள்ளைக்கு இது வேண்டாம் என்கிறார்.

பின்னாளில் வந்த ஆய்வுகள் இதற்கு நெருக்கமாகவே நிற்கின்றன. வதைக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான் பெற்றோரான பின் வதைப்பவர்களாகிறார்கள் என்று 1987இல் கணக்கிட்டார்கள். பெரும்பான்மையோர் அப்படி ஆவதில்லை. மின்னசோட்டாவில் 1975 முதல் 267 தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, சங்கிலியை அறுத்தவர்களிடம் என்ன இருந்தது என்று பார்த்தது. சிறுவயதில் அன்பு காட்டிய யாரோ ஒரு பெரியவர், பிற்காலத்தில் மனம்விட்டுப் பேசக் கிடைத்த ஒரு சிகிச்சை, துணைநிற்கும் கணவர் அல்லது துணைவர். பட்டியல் சின்னதுதான். மூன்றும் மனிதர்களால் கிடைப்பவை.

ஃப்ரைபர்க்கின் இந்தப் பணிக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை, குழந்தை வதை என்ற ஒன்று இருப்பதையே மருத்துவ உலகம் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளவில்லை. 1962 ஜூலையில் டென்வரைச் சேர்ந்த ஹென்றி கெம்ப் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 71 மருத்துவமனைகளிலிருந்து 302 குழந்தைகளின் விவரம் திரட்டியிருந்தார்கள். 33 பேர் இறந்திருந்தார்கள். 85 பேருக்கு மூளையில் நிரந்தரப் பாதிப்பு. எக்ஸ்ரே படத்தில், ஆறிய முறிவும் ஆறாத முறிவும் ஒரே குழந்தையின் உடம்பில் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. கீழே விழுந்துவிட்டான் என்ற சொல் அதற்குமேல் செல்லுபடியாகவில்லை. ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும், சந்தேகம் வந்தால் புகார் செய்தாக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தன.

அந்தச் சட்டங்கள் தேவையானவை. ஆனால் எலும்பு முறிந்த பிறகுதான் அவை விழித்துக்கொள்கின்றன. முறிவதற்கு முன்னால் என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒரு வாழ்நாளையே செலவிட்டவர் டேவிட் ஓல்ட்ஸ். கல்லூரி முடித்ததும் பால்டிமோரில் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் வரும் ஒரு பகல்நேரக் காப்பகத்தில் வேலை பார்த்தார். சில குழந்தைகளுக்கு நான்கு வயதிலேயே காலம் கடந்துவிட்டிருந்ததைக் கண்டார். கருவில் இருக்கும்போதே தாயின் குடியாலும் போதையாலும் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். வீட்டில் அடிவாங்கி, தூங்கவே பயப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். இன்னும் முன்னால் போக வேண்டும் என்று தோன்றியது. எவ்வளவு முன்னால்? பிள்ளை பிறப்பதற்கும் முன்னால்.

நியூயார்க் மாநிலத்தில் எல்மைரா என்ற சிறு நகரம். வேலைகள் போய் நொடித்துக் கிடந்த பகுதி. அந்த மாநிலத்திலேயே குழந்தை வதைப் புகார்கள் மிக அதிகமாக உறுதிசெய்யப்பட்ட பகுதியாகவும் அது அப்போது இருந்தது. 1978 முதல் 1980 வரை அங்கே 400 கர்ப்பிணிகளை ஓல்ட்ஸ் சேர்த்துக்கொண்டார். தலைச்சன் பிள்ளையைச் சுமப்பவர்கள். பெரும்பாலோர் 19 வயது நிறையாதவர்கள், அல்லது மணமாகாதவர்கள், அல்லது ஏழைகள். குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு வழக்கமான பரிசோதனையும் மருத்துவமனைக்குப் போய்வர வண்டி வசதியும் மட்டும். சிலருக்குக் கர்ப்ப காலத்தில் நர்ஸ் வீட்டுக்கு வருவார். இன்னொரு பிரிவினருக்குக் குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை வருவார். சராசரியாகப் பேறுகாலத்துக்கு முன் ஒன்பது முறை, பின் 23 முறை.

அந்த நர்ஸ் வந்து என்ன செய்தார்? இரத்த அழுத்தம், சாப்பாடு, சிகரெட்டைக் குறைப்பது என்று முதலில் உடம்பைப் பற்றிய பேச்சு. பிறகு குழந்தை: ஏன் அழுகிறது, எப்போது பசி, எப்போது வெறும் அலுப்பு, முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன பொருள். அதோடு அந்தப் பெண்ணின் சொந்த வாழ்க்கை: விட்ட படிப்பைத் தொடர முடியுமா, வேலை கிடைக்குமா, அடுத்த பிள்ளை எப்போது. வீட்டிலிருக்கும் பாட்டியையும் தோழியையும் குழந்தையின் தகப்பனையும் பேச்சில் சேர்த்துக்கொண்டார்கள். தலைச்சன் பிள்ளையைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. முதல் பிள்ளைக்குத் தாயாகப் போகிறவள் பயத்தோடு இருக்கிறாள். கேட்கவும் கற்கவும் தயாராக இருக்கிறாள். அனுபவமுள்ள ஒரு நர்ஸை வீட்டுக்குள் விடுகிறாள்.

முடிவுகள் 1986இல் வெளிவந்தன. ஏழை, மணமாகாத, பதின்வயதுத் தாய்மாரில், நர்ஸ் வராத வீடுகளில் 19 சதவீதம் பேர்மீது முதல் இரண்டு ஆண்டுகளில் வதை அல்லது புறக்கணிப்பு உறுதியானது. இரண்டு ஆண்டுகளும் நர்ஸ் வந்த வீடுகளில் 4 சதவீதம். இந்த எண்களைக் கைதட்டி வரவேற்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது முழு 400 பேரின் கணக்கு இல்லை. அதற்குள் ஒரு சிறு பிரிவின் கணக்கு. தற்செயலாகவும் அமைந்திருக்கலாம் என்ற ஐயத்தைப் புள்ளியியல் முழுமையாக நீக்கவில்லை. ஆனால் எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: நர்ஸ் அடிக்கடி வந்துபோகும் வீட்டில் தவறு நடந்தால் அது வெளியே தெரியும் வாய்ப்பு கூடுதல். அப்படியிருந்தும் எண் குறைந்திருந்தது.

ஓல்ட்ஸ் அவசரப்படாமல் காத்திருந்தார். 15 ஆண்டுகள் கழித்து அதே குடும்பங்களைத் தேடிப் போனார்கள். நர்ஸ் வராத பிரிவில் ஒரு தாய்க்கு சராசரியாக 0.54 உறுதியான புகார். நர்ஸ் வந்த பிரிவில் 0.29. கிட்டத்தட்டப் பாதி. நர்ஸ் கடைசியாக வந்து 13 ஆண்டுகள் ஆன பின்பும் அந்த வேறுபாடு நின்றது. 1997இல் இது வெளியானபோதுதான் பலர் இந்த ஆய்வைத் திரும்பிப் பார்த்தார்கள்.

என்னைப் பொறுத்தவரை, எல்மைராவிலிருந்து வந்த மிக முக்கியமான செய்தி 2000இல் வெளியான ஒரு சிறிய மறு ஆய்வில் இருக்கிறது. தாயே வீட்டில் அடிவாங்குபவராக இருந்தால் என்ன ஆகிறது என்று அதில் பார்த்தார்கள். அந்த 15 ஆண்டுகளில் 28 முறைக்கு மேல் குடும்ப வன்முறை நடந்ததாகத் தாய்மார்கள் சொன்ன வீடுகளில், நர்ஸ் வந்ததால் குழந்தைக்கு எந்தப் பயனும் தெரியவில்லை. எவ்வளவு கனிவான நர்ஸ் வந்தாலும், எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும், அடிக்கும் கை அந்த வீட்டில் இருக்கும்வரை குழந்தைக்குக் காப்பு இல்லை. குழந்தைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் மேடைகளில் இந்த ஒரு முடிவு போதிய அளவு பேசப்படுவதில்லை. பெண்ணை அடிப்பது ஒரு துறைக்கும் குழந்தையை அடிப்பது வேறொரு துறைக்கும் போகிறது, வீடோ ஒன்றுதான்.

பிறகு வேறு ஊர்கள். 1990இல் மெம்ஃபிஸ், 1,139 பெண்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 1994இல் டென்வரில் 735 பெண்களைக் கொண்டு வேறொரு கேள்வி: நர்ஸ்தான் போக வேண்டுமா, மருத்துவப் படிப்பில்லாத, ஆனால் நன்கு பயிற்சி பெற்ற பெண்கள் போனால் போதாதா? அவர்களாலும் நன்மை இருந்தது. பல அளவுகளில் நர்ஸ் தந்த பயனில் ஏறக்குறையப் பாதி. நர்ஸின் சொல்லுக்கு வீட்டில் இருக்கும் மதிப்பு ஒரு காரணமாக இருக்கலாம். கர்ப்பிணி கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் உடம்பைப் பற்றியது. அதற்குப் பதில் தெரிந்தவரைத்தான் மனத்தைப் பற்றிய பேச்சுக்கும் நம்புகிறார்கள்.

இங்கிலாந்து இதே திட்டத்தை எடுத்துக்கொண்டு 19 வயதும் அதற்குக் குறைவுமான 1,600க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்தது. 2015இல் வந்த முடிவு பலரை ஏமாற்றியது. கர்ப்பத்தில் புகைப்பது, பிறப்பு எடை, இரண்டு ஆண்டுக்குள் மறு கர்ப்பம், குழந்தையை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோவது ஆகிய நான்கு முதன்மை அளவுகளிலும் வேறுபாடு இல்லை. குழந்தையின் பேச்சு வளர்ச்சியில் மட்டும் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. நெதர்லாந்தில் 460 இளம் பெண்களிடம் செய்தபோதோ, குழந்தைக்கு மூன்று வயது ஆவதற்குள் பாதுகாப்பு அமைப்புக்குப் புகார் போனது 19 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாகக் குறைந்திருந்தது. தாய்மார்களும் துணைவரிடம் அடிவாங்குவது குறைந்தது.

ஒரே திட்டம், ஏன் இப்படி மாறி மாறி? இங்கிலாந்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏற்கெனவே மருத்துவச்சியும் சுகாதாரச் செவிலியரும் இலவசமாக வருகிறார்கள். 1978இன் எல்மைராவில் அந்தப் பெண்களின் வீட்டுக்கு அப்படி வர யாரும் இல்லை. எதுவும் இல்லாத இடத்தில் ஒரு நர்ஸ் வருவது வேறு. ஏற்கெனவே இருவர் வரும் வீட்டுக்கு மூன்றாமவர் வருவது வேறு. நெதர்லாந்திலும் எல்லாருக்குமான நல்ல சுகாதாரச் சேவை உண்டு. ஆனால் அங்கே வயதை மட்டும் பார்க்காமல், பல சுமைகள் ஒன்றாகச் சேர்ந்த பெண்களையே தேர்ந்தெடுத்தார்கள். எங்கு தேவை ஆழமாக இருக்கிறதோ அங்குதான் பலன் தெரிகிறது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

இனி, குழந்தையின் அழுகைக்கே வருவோம். பிறந்து இரண்டு வாரத்திலிருந்து அழுகை கூடிக்கொண்டே போய், இரண்டாம் மாதத்தில் உச்சம் தொட்டு, நான்கு ஐந்து மாதத்துக்குள் தணிகிறது. கனடாவைச் சேர்ந்த ரொனால்ட் பார் என்ற குழந்தை மருத்துவர் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். நாள் முழுவதும் பிள்ளையை உடம்போடு சுமந்து, முனகினாலே பாலூட்டும் கலஹாரிப் பாலைவனத்துக் குங் மக்களிடமும் அதே இரண்டாம் மாத ஏற்றம் இருந்தது. அழும் நேரம்தான் குறைவு. அதாவது அது வளர்ப்பின் குற்றம் இல்லை. வளர்ச்சியின் ஒரு கட்டம். ஆனால் குழந்தையைப் பிடித்து உலுக்கி மூளையில் இரத்தம் கசியவைக்கும் கொடுமையும் அழுகையின் இதே ஏற்ற இறக்கத்தைச் சில வாரம் பின்னால் தொடர்ந்து வருகிறது. இரவு இரண்டு மணிக்கு, பால் கொடுத்தாகிவிட்டது, துணி மாற்றியாகிவிட்டது, தோளில் போட்டு நடந்தாகிவிட்டது, இன்னும் அழுகை நிற்கவில்லை என்ற நிலையில் நின்றவர்களுக்கு, அந்தக் கணத்தில் மனம் எங்கே போகிறது என்பது தெரியும். வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள்.

மேற்கு நியூயார்க்கில் 1998 இறுதியிலிருந்து, பிரசவமான மருத்துவமனையிலேயே இதைப் பெற்றோரிடம் வெளிப்படையாகப் பேசினார்கள். குழந்தை இப்படித்தான் அழும், உங்களுக்குக் கோபம் வரும், வந்தால் குழந்தையைப் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு அறையை விட்டு வெளியே போங்கள், உலுக்காதீர்கள். தகப்பனையும் உட்காரவைத்துச் சொன்னார்கள், ஏனென்றால் உலுக்குபவர்களில் ஆண்கள் அதிகம். ஒரு லட்சம் பிறப்புக்கு 41.5 ஆக இருந்த தலைக்காயம் 22.2 ஆகக் குறைந்தது. பெரிய நம்பிக்கையோடு பென்சில்வேனியா மாநிலம் முழுவதும் அதையே செய்தபோது, மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளின் எண்ணிக்கை குறையவில்லை. பிரசவ வார்டில் ஒருமுறை சொன்னது, இரண்டு மாதம் கழித்து வரும் அந்த இரவில் நினைவுக்கு வர வேண்டுமே! அந்த இரவுக்கு அடுத்த நாள் காலையில் கதவைத் தட்டி, தூங்கினாயா என்று கேட்க ஓர் ஆள் வருவதற்கு எந்த அறிவுரையும் ஈடாகாது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் படிக்கும் இளம் தாய் ஒருவருக்கு, நான் ஒரு நிமிடம் முகம் திருப்பினாலும் பிள்ளை கெட்டுவிடுமா என்று பயம் வரக்கூடும். எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் 1970களில் தாய்மார்களைச் சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் குழந்தைமுன் உட்காரச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், கத்தும், கடைசியில் துவண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பார்க்கவே மனம் தாங்காத காட்சி அது. ஆனால் அவர் வேறொன்றையும் அளந்தார். நல்ல, இயல்பான தாய்களும் குழந்தைகளும்கூட, ஒருவருக்கொருவர் இசைந்திருப்பது ஏறத்தாழ 30 சதவீத நேரம்தான். மற்ற நேரமெல்லாம் தவறவிடுகிறார்கள், கவனிக்கிறார்கள், சரிசெய்கிறார்கள். குழந்தை கற்றுக்கொள்வது அந்தச் சரிசெய்தலில்தான்.

நம் பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் வேலூர் அருகிலுள்ள கணியம்பாடி வட்டாரத்துக்கும் ஓர் இடம் உண்டு. அந்தக் கிராமங்களில் 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பேறுகாலத்துக்குப் பின்பும் சந்தித்துச் செய்த ஆய்வு 2002இல் வெளியானது. குழந்தை பிறந்த பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். காரணங்களாக நின்றவற்றைப் படித்தால் மருத்துவக் கட்டுரை போலவே இருக்காது. ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டது போல இருக்கும். கையில் காசில்லை. ஆண் பிள்ளை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது. மாமியாரோடும் சொந்தப் பெற்றோரோடும் மனத்தாங்கல். கர்ப்பத்தில் வந்த துயரங்கள். வீட்டு வேலைக்குக் கைகொடுக்க ஆளில்லை.

பச்சை உடம்புக்காரி என்று சொல்லித் தாய்வீட்டுக்கு அனுப்புவதும், பத்தியச் சோறு ஆக்கிப் போடுவதும், குழந்தைக்குக் காலில் போட்டுக் குளிப்பாட்ட ஒரு பாட்டி வருவதும் நம்மிடம் இருந்த ஏற்பாடுகள். அவை இன்றும் பலரைத் தாங்குகின்றன. ஆனால் உடம்பைத் தாங்கிய அளவு அவை மனத்தைத் தாங்கினவா? பெண் பிறந்த வீட்டில் அதே பாட்டியின் பெருமூச்சுதான் அந்தப் பெண்ணை உடைத்திருக்கும். பிள்ளை பெற்றவள் அழுதால் பால் வற்றிவிடும் என்று அதட்டி அடக்குகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அழாதே என்று சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஏன் அழுகிறாய் என்று கேட்பவர் எத்தனை பேர்?

பாகிஸ்தானின் ராவல்பிண்டி அருகிலுள்ள கிராமங்களில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் அனுப்பினார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மனச்சோர்வோடு இருந்த 903 பெண்கள். வந்தவர்கள் மனநல மருத்துவர்கள் இல்லை. பள்ளிப் படிப்பு முடித்து, தடுப்பூசிக்கும் குடும்பநலத்துக்கும் ஏற்கெனவே வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த சுகாதாரப் பணியாளர்கள். அவர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, பதினாறு முறை வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தை ஆறு மாதத்தை எட்டியபோது, வெறுமனே பார்க்க வந்துபோன ஊர்களில் 53 சதவீதத் தாய்மார்கள் மனச்சோர்வில் இருந்தார்கள். இந்தப் பேச்சு நடந்த ஊர்களில் 23 சதவீதம். ஓராண்டிலும் வேறுபாடு குறையவில்லை.

அவர்கள் எந்த வீட்டிலும் உனக்கு மனநோய் என்று சொல்லவில்லை. குழந்தை நன்றாக வளர என்ன செய்யலாம் என்று பேச வந்திருக்கிறோம் என்றே சொன்னார்கள். மாமியார் தடுக்கவில்லை, கதவு திறந்தது. அந்த ஊர்களில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்திருந்தது. தடுப்பூசி முழுமையாகப் போடப்பட்டது கூடியிருந்தது. தாய் மட்டுமல்லாமல் தகப்பனும் குழந்தையோடு விளையாடும் நேரம் அதிகமாகியிருந்தது.